குட்டையான காட்டு கோர்ஸ்: எந்த டிஸ்க், எந்தக் கை, எப்போது பின்வாங்குவது

அமெரிக்காவின் வட கரோலினாவில் சார்லட், ராலே பக்கம் டிஸ்க் கோல்ஃப் (வட்டத் தட்டைக் குறைந்த எறிகளில் கூடைக்குள் போடும் ஆட்டம்) ஆடப் போனால் பாதி ஆட்டம் காட்டுக்குள்தான். 2012 உலகச் சாம்பியன் போட்டியே சார்லட்டில் நடந்தது. பால் மெக்பெத் தன் முதல் உலகப் பட்டத்தை வென்றதும் அங்கேதான். நெட்டையான லாப்லாலி பைன், நடுநடுவே ஓக், ஸ்வீட்கம், கீழே பைன் ஊசி மெத்தை, அதற்கும் கீழே மழை பெய்தால் வழுக்கும் செம்மண் களி. இப்படிப்பட்ட இடங்களில் 60 முதல் 90 மீட்டர் வரை நீளமுள்ள பார் 3 ஹோல்கள் (மூன்று எறியில் முடிக்க வேண்டியவை) வரிசையாக வரும். ஸ்கோர் கார்டைப் பார்த்தால் சின்னப் பிள்ளை விளையாட்டு போலத் தெரியும். ஆடி முடித்த பிறகுதான் 90 மீட்டர் திறந்த வெளியில் பேர்டி (பாருக்கு ஒன்று குறைவு) போடுகிறவர் இங்கே 65 மீட்டரில் ஐந்து எழுதிக்கொண்டு வருவது ஏன் என்று புரியும்.

இந்தக் கோர்ஸ்களில் ஒவ்வொரு எறிக்கும் முன்பு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. மெதுவான பட்டரா, நடுத்தர மிட்ரேஞ்சா, வேகமான ஃபேர்வே டிரைவரா? கையை உடம்புக்குக் குறுக்கே பின்னிழுத்து வீசும் பேக்ஹேண்டா, பக்கவாட்டிலிருந்து உள்ளங்கை முன்னோக்கி வீசும் ஃபோர்ஹேண்டா? ஓடி வந்து வீசுவதா, நின்றே வீசுவதா? மரத்தில் பட்டுப் புதருக்குள் போன பிறகு சந்து பார்த்துப் பாய்வதா, பேசாமல் வழிக்குத் தள்ளிவிடுவதா? எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல் போதும்: நன்றாகப் போனால் எவ்வளவு தூரம் போகும் என்பதை விட்டுவிட்டு, தப்பினால் எங்கே போய் விழும் என்று பார்ப்பது. திறந்த மைதானத்தில் 5 டிகிரி பிசகினால் கொஞ்சம் தள்ளி விழும். காட்டில் அதே 5 டிகிரி ஒரு மரம்.

கீழே வருவதெல்லாம் வலது கைக்காரருக்கு எழுதியது. இடது கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் ஒரு ஹோல்

பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க ஒரு ஹோலை வைத்துக்கொள்வோம். நீளம் 70 மீட்டர். டீயிலிருந்து (முதல் எறி வீசும் மேடை) 12 மீட்டரில் இரண்டு பைன், நடுவே 2.5 மீட்டர் இடைவெளி. 40 மீட்டரில் ஒரு ஓக்கும் ஒரு ஸ்வீட்கம்மும், நடுவே 5 மீட்டர். அங்கிருந்து வழி மெல்ல இடப்பக்கம் வளைகிறது. கூடை ஒரு சரிவின் விளிம்பில், பின்னால் ஓடைப் பள்ளம். தென்கிழக்கு அமெரிக்காவின் எந்தக் காட்டுக் கோர்ஸிலும் இதன் உடன்பிறப்பு ஒன்று இருக்கும்.

பார்வைக்கு முதல் இடைவெளிதான் குறுகல். கணக்குப் போட்டால் தலைகீழ். டிஸ்க்கின் விட்டம் சுமார் 21 செ.மீ.; அதில் பாதியை இருபுறமும் கழித்தால், முதல் சந்தில் நடுக்கோட்டிலிருந்து இருபக்கமும் சுமார் ஐந்தரை டிகிரி பிசகலாம். இரண்டாவது சந்து இரண்டு மடங்கு அகலம். ஆனால் 40 மீட்டர் தள்ளி இருப்பதால் அங்கே மூன்றரை டிகிரிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கிடைக்கிறது. போதாததற்கு அங்கே போய்ச் சேரும்போது டிஸ்க் வளையத் தொடங்கியிருக்கும்.

அதனால் இரண்டாவது சந்துக்கே முழுக் கவனமும் கொடுக்க வேண்டும் என்று ஆகாது. ஓக்கில் பட்டு விழுந்தால் கூடை இன்னும் 30 மீட்டர். கூடையருகே கொண்டுபோக ஒரு அப்ரோச், உள்ளே போட ஒரு பட், பார் 3 கையில். முதல் பைனில் பட்டுத் தெறித்தால் கூடை 55 மீட்டருக்கு மேல், அதுவும் புதருக்குள்ளிருந்து. ஒரே மாதிரி பிசகு. விலை மட்டும் வேறு. ஆகவே டீயில் நின்று எடுக்கும் முடிவு முழுக்க முதல் சந்துக்காகவே. இரண்டாவதை டிஸ்க்கின் குணம் பார்த்துக்கொள்ளட்டும்.

டீ மேடையையும் முழுசாகப் பயன்படுத்தலாம். அகலம் பெரும்பாலும் ஒன்றரை மீட்டர். இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு 1.2 மீட்டர் நகர்ந்தால், 12 மீட்டரில் இருக்கும் சந்தைப் பார்க்கும் கோணம் கிட்டத்தட்ட 6 டிகிரி மாறும். இரண்டு சந்துகளும் ஒரே கோட்டில் தெரியும் இடம் மேடையில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். பெரும்பாலானவர்கள் நடுவிலேயே நின்று வீசிவிட்டுப் போகிறார்கள். விதி கேட்பது இவ்வளவுதான்: டிஸ்க் கையை விடும் நேரத்தில் கால் டீ எல்லைக்குள் இருக்க வேண்டும்.

பட்டர், மிட்ரேஞ்ச், ஃபேர்வே டிரைவர்

டிஸ்க் மேல் அச்சடித்திருக்கும் நான்கு எண்கள் வேகம், மிதப்பு, ஆரம்பத்தில் வலப்பக்கம் திரும்பும் குணம், கடைசியில் இடப்பக்கம் விழும் குணம் என்ற வரிசையில் வரும். இன்னோவா நிறுவனத்தின் ஏவியார் என்ற பட்டர் 2, 3, 0, 1. டிஸ்க்கிராஃப்ட் நிறுவனத்தின் பஸ் என்ற மிட்ரேஞ்ச் 5, 4, -1, 1. ஃபேர்வே டிரைவர்களில் இன்னோவா லெப்பர்ட் 6, 5, -2, 1. டீபேர்ட் 7, 5, 0, 2. முதல் எண்ணை ‘இவ்வளவு வேகமாகப் போகும்’ என்று படிப்பதைவிட ‘இவ்வளவு வேகம் கொடுத்தால்தான் சொன்னபடி கேட்கும்’ என்று படிப்பது நல்லது. டிரைவர் டிஸ்க்கைக் காட்டில் பாதி வேகத்தில் வீசுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். வேகம் போதாத டிஸ்க் திரும்பும் குணத்தைக் காட்டவே காட்டாது. நேராகப் போகும் கட்டத்தைத் தாண்டி உடனே இடப்பக்கம் சாய ஆரம்பித்துவிடும். நம் ஹோலில் அந்தச் சாய்வு 25, 30 மீட்டரிலேயே வந்தால் ஓக் மரம் காத்துக்கொண்டிருக்கிறது.

பட்டரின் கதை இதற்கு நேர் எதிர். 70 மீட்டருக்கு அதை ஏறக்குறைய முழு வேகத்தில் வீச வேண்டும். சாதாரண ஆட்டக்காரர் பட்டரை 55 முதல் 65 மீட்டர் போடுவார். ஆக கூடைக்கு 5 முதல் 15 மீட்டர் முன்னால் விழும். இது குறையாகத் தெரியலாம். ஆனால் பட்டர் விழுந்த இடத்திலேயே உட்காரும். விளிம்பு மொண்ணை, வேகம் குறைவு; மரத்தில் பட்டாலும் அதிகம் தெறிக்காமல் அடிமரத்தருகிலேயே விழ வாய்ப்பு அதிகம். டிரைவரின் கூர் விளிம்பு பட்டையில் உரசினால் 10, 15 மீட்டர் பக்கவாட்டில் பறந்துவிடும். பைன் ஊசி மேல் விழும் டிரைவர் இன்னொரு தொல்லை: ஊசி வழுக்கும், தட்டையாக வந்த டிஸ்க் சறுக்கிக்கொண்டே போகும். கூடைக்குப் பின்னால் பள்ளம் இருக்கும் ஹோலில் அந்தச் சறுக்கல் ஒரு ஸ்ட்ரோக், அதாவது ஒரு கூடுதல் எறி.

பட்டரிலும் ஒரு சிக்கல் உண்டு. முழு பலத்தோடு வீசும்போது கை கொஞ்சம் ஆடினால் டிஸ்க் தள்ளாடி வலப்பக்கம் கவிழ்ந்து போகும். கூடையில் போடுவதற்கு வைத்திருக்கும் மென்மையான, பழசான பட்டரை டீயிலிருந்து வீசினால் இது அடிக்கடி நடக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் ஒரே அச்சில் இரண்டு பட்டர் வைத்திருப்பார்கள்: பட் போட விலை குறைந்த, பிடி நன்றாக இருக்கும் சாதா பிளாஸ்டிக், டீயிலிருந்து வீச விறைப்பான உயர்ரக பிளாஸ்டிக். கைப்பிடி பழக்கம் மாறாது, பறக்கும் குணம் மட்டும் வேறு.

பட்டரை நம்பி வீசுவதற்குப் பெரிய சாட்சி 2021 உலகச் சாம்பியன் போட்டி. யூட்டாவின் ஆக்டனில் கடைசி ஹோல். ஜேம்ஸ் கான்ராட் 247 அடி, அதாவது சுமார் 75 மீட்டரிலிருந்து ஒரே வீச்சில் கூடைக்குள் போட்டு மெக்பெத்தோடு சமன் செய்தார், பிறகு பிளேஆஃபில் பட்டம் வென்றார். அவர் கையில் இருந்தது என்வி என்ற பட்டர். அந்த ஹோல் காட்டு ஹோல் இல்லை என்பது வேறு விஷயம். 75 மீட்டருக்கு டிரைவரை அடக்கி வீசாமல் பட்டரைத் தன் வேகத்தில் போகவிட்டார் என்பதுதான் நமக்கு வேண்டியது.

மிட்ரேஞ்ச் இரண்டுக்கும் நடுவில். நம் 70 மீட்டர் ஹோலுக்கு, பட்டரை 60 மீட்டருக்கு மேல் நேராகப் போட முடியாதவருக்கு எங்கள் தேர்வு இதுதான்: பஸ் மாதிரி நேராகப் போகும் மிட்ரேஞ்ச், முக்கால் பலத்தில், கிட்டத்தட்ட தட்டையாக. கடைசியில் வரும் சின்ன இடப்பக்கச் சாய்வு வளைவுக்குச் சரியாகப் பொருந்தும். பட்டரை 65 மீட்டர் போடத் தெரிந்தவர் பட்டரையே எடுக்கட்டும்.

டிரைவர் ஜெயிக்கும் இடங்களும் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. ஒன்று, கூரை தாழ்வாக இருக்கும் ஹோல். கிளைகள் 3 மீட்டரில் குறுக்கே ஓடினால் பட்டரால் 70 மீட்டர் போக முடியாது. அதற்குத் தூரம் கிடைப்பதே உயரத்தால். தாழப் பறந்து தூரம் போகும் லெப்பர்ட் போன்ற டிஸ்க் அங்கே பாதுகாப்பானது. இரண்டு, வழி திடீரென்று இடப்பக்கம் செங்கோணமாக மடியும் ஹோல். ஃபயர்பேர்ட் போல 9, 3, 0, 4 என்று கடைசியில் விடாப்பிடியாக இடப்பக்கம் விழும் டிஸ்க்கைச் சாய்த்து வீசினால் மூலையைச் சுற்றிப் போகும். பட்டரால் அவ்வளவு மடங்க முடியாது. மூன்றாவது, 85, 90 மீட்டரைத் தொடும் ஹோல்கள். அங்கேயும் டெஸ்ட்ராயர் போன்ற வேகம் 12 டிஸ்க்குக்கு வேலை கிடையாது. அதை வண்டியிலேயே விட்டுவிட்டு வரலாம்.

எடையைப் பற்றி ஒரு வரி: 175 கிராம் பட்டர் போட்ட கோட்டை விடாது, 165 கிராம் அதே டிஸ்க் லேசான கைக்குத் தூரம் தரும், ஆனால் வலப்பக்கம் திரும்ப ஆசைப்படும். காற்று புகாத காட்டில் இரண்டும் நடக்கும்.

பேக்ஹேண்டா, ஃபோர்ஹேண்டா

வலது கை பேக்ஹேண்ட் கடைசியில் இடப்பக்கம் விழும், ஃபோர்ஹேண்ட் வலப்பக்கம் விழும். இடது வளைவுக்குப் பேக்ஹேண்ட், வலது வளைவுக்கு ஃபோர்ஹேண்ட் என்று முடித்துவிடலாம் என்றால், எல்லோருக்கும் இரண்டும் ஒரே தரத்தில் வராது.

வலது வளைவுக்கு இரண்டு வழி. ஒன்று, இடப்பக்கம் விழும் பிடிவாதமுள்ள டிஸ்க்கை, உதாரணமாக டிஸ்க்கிராஃப்ட் ஸோன் (4, 3, 0, 3), ஃபோர்ஹேண்டில் வீசுவது. கை மாறியதால் அதே பிடிவாதம் வலப்பக்கமாகிவிடும். இன்னொன்று, திரும்பும் குணமுள்ள டிஸ்க்கை பேக்ஹேண்டில் எதிர்ப்பக்கம் சாய்த்து வீசுவது, அதாவது அன்ஹைசர். இரண்டில் எது மேல் என்றால், தப்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஃபோர்ஹேண்டில் பலம் கூடினால் டிஸ்க் கொஞ்சம் நேராகப் போய்த் தாமதமாக வளையும், குறைந்தால் சீக்கிரம் விழும். இரண்டிலும் அது தரையில் படிந்து நின்றுவிடும். அன்ஹைசரில் சாய்வு 5 டிகிரி கூடினாலும் டிஸ்க் திரும்பிக்கொண்டே இருக்கும், கடைசியில் விளிம்பில் நின்று உருண்டு காட்டுக்குள் போகும். சாய்வு குறைந்தால் நடுவில் நிமிர்ந்து இடப்பக்கம் திரும்பிவிடும். பிசகின் வீச்சு அன்ஹைசரில் பெரியது.

ஆனால் ஃபோர்ஹேண்டில் மணிக்கட்டு சுத்தமாக வேலை செய்ய வேண்டும். முன்கை சுழன்று உள்ளங்கை கவிழ்ந்தால் டிஸ்க் தள்ளாடும். கடைசியில் விழும் குணம் குறைந்த பட்டர் அந்தத் தள்ளாட்டத்தை மன்னிக்காது. ஃபோர்ஹேண்டுக்கு ஏவியாரைவிட ஸோன் மாதிரி டிஸ்க்கைப் பலரும் எடுப்பது இதனால்தான். முதல் பத்து ஃபோர்ஹேண்டில் குறைந்தது ஆறு கோட்டை விட்டு விலகாமல் போகாத கை உங்களுடையது என்றால், வலது வளைவுக்கு பேக்ஹேண்ட் மிட்ரேஞ்ச் அன்ஹைசரே மேல். பாதி வேகத்தில் வீசும்போது டிஸ்க் தானாகத் திரும்பும் என்று நம்பக் கூடாது. சாய்வைக் கையிலேயே கொடுக்க வேண்டும்.

நேர் ஹோலில் ஃபோர்ஹேண்டுக்கு வேறொரு லாபம். உடம்பு கூடையைப் பார்த்தபடி நிற்கிறது, சந்து கண்ணை விட்டுப் போவதில்லை. பேக்ஹேண்டில் கையைப் பின்னால் இழுக்கும்போது முதுகு கூடைப்பக்கம் திரும்பும், முகமும் கூடவே போகும். திரும்பி வரும்போது கண் எதைப் பிடிக்கிறதோ கை அங்கே போகும். பெரும்பாலும் அது மரம். அதனால் இடைவெளிக்கு நேர் பின்னால், 20, 30 மீட்டர் தள்ளி ஒரு வெளிறிய பட்டையோ காய்ந்த கிளையோ குறி வைத்துக்கொண்டு அதற்கு வீசுவது பலன் தரும். வெற்றிடத்தைக் குறி வைக்க முடியாது. ஒரு பொருள் வேண்டும்.

நெட்டுக்குத்தாக இருக்கும் குறுகிய சந்துகளில் தலைக்கு மேலிருந்து வீசும் தம்பர், டொமஹாக் இரண்டும் வேலை செய்யும். டிஸ்க் செங்குத்தாகப் போவதால் அகலம் தேவையில்லை. உயரம் தேவை. பைன் காட்டில் கீழ்க்கிளைகள் உதிர்ந்துபோய் உயரம் கிடைக்கும். ஓக் காட்டில் கிடைக்காது.

ஓட்டமா, நின்றபடியா

இதில் அதிகம் யோசிக்கத் தேவையில்லை. 75 மீட்டருக்குள் நின்றபடி வீசுங்கள். ஓடி வந்து குறுக்கடி வைத்து வீசுவதால் கிடைக்கும் கூடுதல் தூரம் இந்தக் கோர்ஸில் பயன்படாது. ஓட்டத்தில் நேரம் பிசகும். பிடி தாமதமாக விட்டால் டிஸ்க் வலது மரத்துக்குப் போகும், முந்தி விட்டால் இடது மரத்துக்குப் போகும். கால் நிலையாக இருந்தால் அந்தப் பிசகு பாதியாவது குறையும். மழை பெய்த களிமண் டீயில் ஓடுவது முழங்காலுக்கும் கேடு. தூரம் போதவில்லை என்றால் ஓடுவதற்கு முன் ஒரு படி வேகம் கூடிய டிஸ்க்கை எடுத்துப் பாருங்கள்.

மரத்தில் பட்ட பிறகு

காட்டுக் கோர்ஸில் ஸ்ட்ரோக் கூடுவது முதல் மரத்தால் மட்டுமல்ல, அதற்குப் பிறகு வரும் வீராவேசத்தாலும்தான். நம் ஹோலையே எடுப்போம். டிஸ்க் பைனில் பட்டு வலப்பக்கம் தெறித்து, டீயிலிருந்து 15 மீட்டரில் புதருக்குள் கிடக்கிறது. கூடை 55 மீட்டர். முன்னால் இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு சந்து, ஆளகலம். இடப்பக்கம் திரும்பினால் ஃபேர்வே, அதாவது மரமில்லாத ஆட்ட வழி, திறந்திருக்கிறது.

வழி ஒன்று: ஃபேர்வேக்குத் தள்ளுவது. இரண்டாவது எறியில் வழிக்கு, மூன்றாவதில் கூடையருகே, நான்காவதில் உள்ளே. ஏறக்குறைய நிச்சயமாக 4.

வழி இரண்டு: சந்தில் பாய்வது. சரியாகப் போனால் கூடைக்கு 10 மீட்டர் பக்கத்தில் விழும். பட் விழுந்தால் 3, விழாவிட்டால் 4. தவறினால் வேறொரு மரத்தில் பட்டுப் புதருக்குள்ளேயே நிற்கும், 5.

இப்போது கணக்கு. 10 மீட்டர் பட் பாதிக்குப் பாதி விழும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டால், சந்தில் நுழைந்தவரின் சராசரி மூன்றரை. அது தள்ளிவிடுகிறவரின் 4-ஐ எட்டவே சந்தில் மூன்றில் இரண்டு முறை நுழைய வேண்டும். பட் நான்கில் ஒன்றுதான் விழும் என்றால் (10 மீட்டரில் பல அமெச்சூர்களுக்கு இதுதான் நிஜம்) பத்துக்கு எட்டு முறை நுழைய வேண்டும். ஆளகலச் சந்தில், முழங்கால் மடக்கி, கிளைக்கு அடியில் இருந்து பத்துக்கு எட்டு? உலகச் சாம்பியனே யோசிப்பார். தவறினால் 5-க்குப் பதில் 6 என்று போகும் இடங்களில் கணக்கு இன்னும் மோசம்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, அதைத்தான் பலர் பார்ப்பதே இல்லை. நேர் பக்கவாட்டில் தள்ளாமல், குறுக்காக முன்னோக்கி ஃபேர்வேயைத் தொடும் அகலமான சந்து ஏதாவது இருக்கும். அதில் தட்டையாக, பட்டரால், 20 மீட்டர். அடுத்த அப்ரோச் 35, 40 மீட்டருக்குக் குறையும்; கூடைக்கு 3 மீட்டருக்குள் நிறுத்துவது எளிது. ஃபேர்வேயின் நடுவைக் குறி வைக்காமல், தாண்டிப் போனாலும் எதிர்ப்பக்கப் புதருக்குள் நுழையாத தூரத்தைக் குறி வையுங்கள். வெளியே தள்ளப் பார்த்து எதிர்ப்பக்கக் காட்டுக்குள் போடுவது இந்தக் கோர்ஸ்களின் வாடிக்கையான தமாஷ்.

புதருக்குள் நிற்கும்போது விதிகளும் முடிவை மாற்றும். கால் வைக்கும் இடத்தில் கிளை இருந்தால், அதை மிகக் குறைவாக நகர்த்தும் நிலையைத்தான் எடுக்க வேண்டும். வீச இடம் வேண்டும் என்று கிளையை மடக்கிப் பிடிக்கவோ ஒடிக்கவோ கூடாது, செய்தால் தண்டம் உண்டு. வீசும் வேகத்தில் கை பட்டுக் கிளை அசைவது பரவாயில்லை. மார்க்கருக்கு (டிஸ்க் விழுந்த இடத்தில் வைக்கும் அடையாளம்) பின்னால் பெரிய அடிமரம் இருந்து நிற்கவே முடியவில்லை என்றால், கூடையிலிருந்து வரும் அதே கோட்டில் மரத்துக்குப் பின்னால் தண்டம் இல்லாமல் நகரலாம். நச்சுக்கொடிக்கு நடுவே டிஸ்க் கிடக்கிறது என்றால் ஒரு தண்டத்தோடு அதே கோட்டில் பின்னால் வேண்டிய தூரம் போய் வீசலாம். வாரக்கணக்கில் சொறிவதற்கு ஒரு ஸ்ட்ரோக் மலிவு. மரத்தின் மேல் மாட்டிக்கொண்ட டிஸ்க்குக்கு நேர் கீழே மார்க்கர் வைத்து ஆடலாம். 2 மீட்டருக்கு மேல் மாட்டினால் தண்டம் என்பது போட்டி நடத்துகிறவர் முன்கூட்டி அறிவித்திருந்தால் மட்டுமே.

கூடைக்குப் பக்கத்தில்

10 மீட்டர் வட்டத்துக்குள் பட் போட்ட பிறகு நிலை தடுமாறாமல் நின்று காட்ட வேண்டும். வட்டத்துக்கு வெளியே வீசிய கையோடு முன்னால் காலெடுத்து வைக்கலாம். காட்டில் மரம் மறைக்கும்போது இரு காலையும் அகட்டிப் பக்கவாட்டில் சாய்ந்து போடும் ஸ்ட்ராடில் பட் தெரிந்திருப்பது அவசியம். மார்க்கருக்குப் பின்னால் ஒரு கால் இருந்தால் போதும், மற்றது எவ்வளவு அகலத்திலும் இருக்கலாம், கூடைக்கு நெருங்காமல் இருக்கும் வரை.

மேலே தூக்கிப் போடும் புஷ் பட்டும், மணிக்கட்டு சுழற்றித் தட்டையாக விடும் ஸ்பின் பட்டும் ஒப்பிட்டால், தாழ்ந்த கிளைக்குக் கீழ் ஸ்பின் மட்டுமே நுழையும். ஆனால் அது தவறினால் கூடையைத் தாண்டி அதிக தூரம் போகும். பின்னால் சரிவு உள்ள கூடைக்குப் புஷ் பட் பத்திரம். மெல்ல வந்து விழும்.

12 மீட்டரில், கூடைக்குப் பின்னால் பள்ளம் என்றால்? ஐந்துக்கு ஒன்று விழும் என்று உங்கள் கையை மதிப்பிட்டால், தவறுகிற நான்கில் ஒன்றுக்கு மேல் உருண்டு ஒரு எறியைத் தின்னும் இடத்தில் கூடைக்குள் முயலாமல் பக்கத்தில் நிறுத்தும் லே-அப் போடுங்கள். அதற்குக் குறைவாக உருளும் என்றால் முயலலாம். உருள்வது எதனால் என்று தெரிந்தால் அந்த விகிதத்தையே குறைக்கலாம்: பக்கவாட்டில் சாய்ந்து வந்த டிஸ்க் கூடையின் விளிம்பில் பட்டு நேராக நிமிர்ந்து, விளிம்பிலேயே தரையிறங்கி ஓடுகிறது. தட்டையாக, மூக்கு சற்றே மேல்நோக்கி வரும் பட் தரையில் படுத்துக்கொள்ளும்.

பிளாஸ்டிக்கும் நிறமும்

சாதா பிளாஸ்டிக் டிஸ்க் பைனில் பத்து முறை பட்டால் விளிம்பு நசுங்கும். நசுங்கியது மெல்ல வலப்பக்கம் திரும்பும் குணத்துக்கு மாறும். இதைக் கெடுதி என்று மட்டும் பார்க்க வேண்டாம். நசுங்கிப் பழகிய பஸ் ஒன்று நேர் சந்துகளுக்கும் மெல்லிய வலது வளைவுகளுக்கும் புதுசைவிட நன்றாகப் போகும். ஸோன், ஃபயர்பேர்ட் மாதிரி விழும் குணத்துக்காகவே வாங்கும் டிஸ்க்குகளுக்கு மட்டும் உயர்ரகம் எடுத்தால் போதும். மொத்தம் ஐந்து டிஸ்க்: இரண்டு பட்டர், ஒரு மிட்ரேஞ்ச், ஒரு ஸோன், ஒரு லெப்பர்ட். அதற்கு மேல் பையில் ஏறுவது எல்லாம் டீயில் நிற்கும்போது வரும் குழப்பம்.

நிறத்தைப் பருவம் பார்த்து எடுங்கள். கோடையில் பச்சையும் கருப்பும் வேண்டாம். அக்டோபர், நவம்பரில் ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு மூன்றும் ஸ்வீட்கம் சருகுக்குள் காணாமல் போகும். நீலமும் பளிச்சென்ற இளஞ்சிவப்பும் நிற்கும். சருகு மூடிய பருவத்தில் வளைவு ஹோலுக்கு ஒருவர் முன்கூட்டியே நடந்து 40 மீட்டர் ஓக் பக்கம் நின்று டிஸ்க் விழும் இடத்தைப் பார்ப்பது வழக்கம். தேடுவதற்கு விதி தரும் நேரம் 3 நிமிடம். அதற்குள் கிடைக்காவிட்டால் ஒரு தண்டம், மறுபடி முன்பு வீசிய இடத்திலிருந்து. டீ ஷாட் என்றால் திரும்ப டீக்கே நடக்க வேண்டும், அதே இரண்டு பைன் முன்னால்.